காலி இடம் என்று எழுதியிருந்த மணல்

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதனாலோ என்னவோ, அரசாங்கக் காகிதம் எதைக் கண்டாலும் எனக்குப் பயம். ரேஷன் கார்டைக் கொண்டு வா என்றாலே என்ன தப்பு வந்ததோ என்று இரண்டு நாள் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைப் போய், எங்கள் ஊருக்குத் திட்டம் போடும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கருவாடு போடும் பெண்களில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டுமாம்.

மணப்பாட்டிலிருந்து பெரியதாழைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ரோடு, மீன் ஏலக்கூடம், மழைத்தண்ணீர் போக வாய்க்கால் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்தே வரைவோம் என்று ஓர் இளம் பெண் இன்ஜினியர் வந்தார். நாங்கள் அவரை மேடம் என்போம், அவர் எங்களை அக்கா என்பார். ஊர்க் கமிட்டித் தலைவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு போகிற ஆள் இல்லை. வீடு வீடாக ஏறிக் கேட்டார். ஒருநாள் என்னிடம், "அக்கா, கரையை அளந்து மேலேருந்து படம் எடுக்கணும். என்னைக்கு வரலாம்?" என்றார்.

அங்கேதான் சறுக்கினேன். "ஞாயித்துக்கெழம வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு எல்லோரும் வீட்டில். ஊரே இருக்கும் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம், நாற்றம். பஸ்ஸில் என் கூடையைக் கண்டதும் மூக்கைப் பொத்திய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இத்தனை மரியாதையாகப் பேசுகிற இந்தப் பெண்ணும் கைக்குட்டையை எடுத்துவிட்டால் என்ன செய்வது? சனிக்கிழமை சாயங்காலமே ஒவ்வொருத்தியிடமும் போய், "ஏளா, நாளைக்கு ஆபீசருங்க வாராங்க, காயப்போட்ட வலையெல்லாம் சுருட்டி வைங்களா" என்று கெஞ்சினேன். பாதி காய்ந்த நெத்திலியைக்கூட அள்ளி வீட்டுக்குள் வைத்தார்கள். போதாக்குறைக்கு மணலையும் பெருக்கிவிட்டோம். மறுநாள் கேமரா பறந்து படம் எடுத்தபோது, கரை துலக்கிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமைகூட.

ஒரு மாதம் கழித்து, ஊர்க் கூட்டம் கூட்டி, கோயில் மண்டபத்துச் சுவரில் வரைபடத்தை மாட்டினார்கள். நாங்கள் கருவாடு காயப்போடும் மணல் முழுக்கப் பச்சை அடித்திருந்தது. எழுத்துக் கூட்டினேன். காலி இடம். அதன் கீழே, லாரி நிறுத்தம், பூங்கா.

எங்களுக்கு வள்ளம் கிடையாது, மீன் பிடிக்க வலை கிடையாது. ஏலத்தில் மீன் எடுத்து, உப்புப் போட்டு, அந்த மணலில் பழைய வலையை விரித்துக் காயவைத்துத்தான் அடுப்பு எரிகிறது. ஓட்டு வீட்டில் மொட்டை மாடிக்கு எங்கே போவது?

பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு மைனி என் முகத்தைப் பார்த்தாள். "என்னளா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"நம்ம எடத்தக் காலின்னு போட்டிருக்கு மைனி."

"எவன் போட்டான்?"

"நாந்தான் மைனி."

அதற்குள் கமிட்டித் தலைவர் எழுந்தார். கெட்ட மனுசர் இல்லை. அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. "ஐஸ் லாரி திரும்ப எடமில்லாம மீனு கெட்டுப் போவுது. இப்பிடிப் போட்டது நல்லதுதான். பொம்பளைங்க எங்கனயாவது தள்ளிக் காயப்போட்டுக்கிடுவாங்க."

நான் எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், அது காலி எடம் இல்ல. நாங்க தெனமும் கருவாடு போடுத எடம். நீங்க வாரீங்கன்னு நாந்தான் எல்லாத்தையும் அள்ள வச்சேன்."

பின்னாலிருந்து ஒருவன், "பொண்ணு பாக்க வாராங்கன்னு நெனச்சிட்டா போல!" என்றான். மண்டபமே சிரித்தது.

"ஆமாலே," என்று மைனி திரும்பினாள். "ஒனக்குப் பொண்ணு கொடுக்க ஆள் வந்த அன்னைக்கு ஒங்கம்மை ஒன்னையே ஒளிச்சு வச்சாளே, அது மாதிரிதான்." இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. ஏன் அள்ளினீர்கள் என்று கேட்டார். நாற்றம் என்று மட்டும் சொன்னேன். வரைபடத்தின் பக்கம் போனவர், "நான் வேலை நாள்ல ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கணும். என் தப்பும்தான்" என்று சொல்லி அதைக் கழற்றிச் சுருட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கரையிலேயே கூடினோம். எதையும் அள்ளவில்லை. மேடம் கைக்குட்டையையும் எடுக்கவில்லை. ஓர் ஐஸ் லாரியையே வரவழைத்துத் திருப்பச் சொன்னார். சக்கரம் போன தடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவினோம். லாரி திரும்ப மணல் முழுவதும் தேவைப்படவில்லை, ரோட்டை ஒட்டிய ஒரு பட்டைதான். பிள்ளைகள் எப்படியும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் விளையாடும் என்று பூங்காவை அங்கே மாற்றினார்கள். ஆனால் அந்தப் பட்டைக்குள் நான்கு பேருடைய இடம் சிக்கியது. அதில் ஒன்று என்னுடையது. மற்ற மூன்றில் இரண்டு, புருசனைக் கடலில் கொடுத்தவர்களுடையது.

"என் எடத்த எடுத்துக்கிடுங்க. அவங்களுக்கு மட்டும் வேற பாத்துக் குடுங்க. தப்பு என்னோடது" என்றேன்.

"தப்புப் பண்ணுனவ எடத்தக் குடுக்கணும்னா இந்தக் கரையில ஒருத்திக்கும் எடம் இருக்காது," என்றாள் மைனி. "எல்லாரும் ஆளுக்கு ரெண்டு எட்டுத் தள்ளுங்களா!"

முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார்கள். கமிட்டித் தலைவர் இடம் அளக்கும் கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேட்டியளா அண்ணாச்சி?"

அவர் கயிற்றை இழுத்து நேராக்கினார்.

புது வரைபடத்தில் 'கருவாடு உலர்த்தும் இடம்' என்று எழுதி, சரியா என்று என்னை வாசிக்கச் சொன்னார் மேடம். மூன்று தடவை வாசித்தேன்.

இப்போது என் வலையின் ஓரம் மைனியின் வலைமேல் ஏறிக் கிடக்கிறது. எது யார் நெத்திலி என்று தினம் ஒரு சண்டை. வரைபடம் தூத்துக்குடியில் பெரிய ஆபீசுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, கையெழுத்தாகி வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மேடத்துக்குப் போன் போடுகிறேன். "நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் அக்கா" என்கிறார். அவருக்கும் மேலே யார் முன்னாலோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. போனை வைக்கும் முன், "சாப்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.