துரைசாணியின் செண்ட்டும் பன்னிரண்டு ஆட்களும்

போன வாரம் என்னால் பன்னிரண்டு பேருக்கு வேலை போகப் பார்த்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... எங்கள் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் முழுக்கச் சிரித்து முடித்தாயிற்று, நீங்கள் மட்டும்தான் பாக்கி.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரைசாணியின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் நாற்காலி பார்க்கப் போனேன். மரப்பெட்டியோடு திரும்பினேன். உள்ளே நாலு செண்ட் பாட்டில். "ஞானம், எல்லாம் உனக்குத்தான்" என்று மனைவியிடம் பெருமையாக நீட்டினேன்.

அவள் ஒன்றைத் திறந்தாள், முகர்ந்தாள், உடனே மூடினாள்.

"இன்னாங்க இது, ஆஸ்பத்திரி நாத்தம்! இதப் பூசிக்கினு கோயிலுக்குப் போனா, எனக்கு ஒடம்பு சொகமில்லன்னு பாதிரியாரு ஜெபம் பண்ணிடுவாரு. ஆசையா வாங்கினீங்க இல்ல, நீங்களே பூசிக்கோங்க!"

கோபத்தில் சொன்னாள். நான் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

பின்னே என்ன? நான் சுரங்கத்தில் ரைட்டர். தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கடியில் லெவல் லெவலாக நடந்து, யார் வேலை செய்கிறார்கள், யார் பாறையில் சாய்ந்து குறட்டை விடுகிறார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். மெழுகுவத்திப் புகை, வெடிமருந்துப் புகை, நூறு பேர் வியர்வை — மேலே வரும்போது என்னை எனக்கே பிடிக்காது. பெண்கள் செண்ட்டாக இருந்தால்தான் என்ன... மூக்குக்கு ஆண் பெண் தெரியுமா?

திங்கட்கிழமை லாவெண்டர். வெளுத்து மடித்த துணி மாதிரி சுத்தமான வாசனை. ஆனால் ஆபீஸில் இரண்டு பேர் "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்கள். ஞானம் சொன்னது சரிதான், ஆஸ்பத்திரியேதான்.

செவ்வாய், வயலட். ரொம்பக் கூச்ச சுபாவம். வாசற்படியில் இருந்தது, தெருமுனையில் பாதியானது, சுரங்க வாயிலான ஷாஃப்டுக்குப் போவதற்குள் ஆளையே காணோம்.

புதன், ரோஜா. எதிரே வந்தவர்களெல்லாம் யார் வீட்டில் கல்யாணம் என்றார்கள். ஒருவர், தன்னைக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார். இல்லாத கல்யாணத்துக்கு எங்கிருந்து பத்திரிகை கொடுப்பது?

வியாழன், மல்லிகை. அதில்தான் வந்தது வினை. கை வழுக்கி, கால் பாட்டில் சட்டையிலேயே கொட்டிவிட்டது. மாற்ற நேரமில்லை, சங்கு ஊதிவிட்டது. முதலில் கொஞ்ச நேரம் தலை சுற்றியது. பிறகு மூக்கு பழகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லெவலில் பெண்கள் இறங்குவதே கிடையாது. பூ வைத்த தலை ஒன்றுகூட அந்த இருட்டைப் பார்த்ததில்லை. அங்கே மல்லிகை மணந்தால் அது யார்? மோகினிதான். இதில் இங்கே யாருக்கும் சந்தேகமே வராது.

நான் நடந்துகொண்டிருக்கிறேன். காற்று என் முதுகுப்பக்கமிருந்து அடிக்கிறது. திடீரென்று எதிரே முனுசாமி மேஸ்திரியும் அவர் ஆட்கள் பதினொரு பேரும் கேஜைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடி வருகிறார்கள்.

"ரைட்டரய்யா, ஓடுங்க! மோகினி வந்துகீது! மல்லிப்பூ வாசன அடிக்குது!"

நான் படித்தவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். என்ன செய்தேன் தெரியுமா? எல்லோருக்கும் முன்னால் ஓடினேன்!

"ஐயோ, வாசன கூடவே வருதுடா!" என்று பின்னால் ஒருவன் அலறினான். நான் இன்னும் வேகமாக ஓடினேன். கேஜில் நெருக்கியடித்து நின்றபோது வாசனை உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு பேர் அழுதார்கள். நான் பைபிள் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் வரி மறந்துவிட்டது.

மேலே வந்து முகத்தைத் துடைக்கச் சட்டையைத் தூக்கினேன். அப்போதுதான்... மல்லிகை! அடப்பாவி, மோகினி நானேதான்!

சொன்னேனா? எப்படிச் சொல்வது? ரைட்டர் பொம்பளை செண்ட் பூசுகிறார் என்று தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு லெவலில் அதிகாரம் பண்ணுவது? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

சுரங்கத்தின் மேலதிகாரி கேப்டன் துரை வந்தார். கடிகாரத்தை எடுத்தார். "பத்து நிமிஷம். எறங்கு. இல்லே, பன்னெண்டு பேரும் வீட்டுக்குப் போ." கேட்டுக்கு வெளியே வேலை தேடி வந்த கும்பல் ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

"எறங்க மாட்டோம் தொர" என்றார் முனுசாமி. "என் பொஞ்சாதிக்கு இது ஒம்போதாம் மாசம். வேல பூட்ச்சின்னா லைன் வூடும் பூடும், தெரியும். ஆனா புள்ள மொகத்த நான் உயிரோட பாக்கணும் இல்ல?"

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. வெட்கமாக இருந்தது, செண்ட்டுக்காக இல்லை.

"துரை! மோகினி இல்லை. என் சட்டைதான்" என்றேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன். லாவெண்டரிலிருந்து வரிசையாக.

யாரும் நம்பவில்லை! முனுசாமி கண் கலங்கக் கும்பிட்டார். "எங்க வேலையக் காப்பாத்த இப்பிடி ஒரு மானங்கெட்ட பொய் சொல்றீங்களே, சாமி!"

உண்மையைச் சொல்லித் தியாகி ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் கேப்டனே குனிந்து என் கழுத்தை முகர்ந்தார். இரண்டடி பின்வாங்கித் தும்மினார். பிறகு பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து என்னை முகர்ந்தார்கள். ஏழாவது ஆளிடம் சிரிப்பு தொடங்கியது, அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பத்து நிமிஷம் முடிவதற்குள் கேஜ் இறங்கிவிட்டது.

இறங்கும்முன் முனுசாமி ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே தெனம் இந்த மல்லிப்பூவே பூசிக்கினு வாங்க. வாசன வந்தா நீங்கன்னு தெரிஞ்சிக்குவோம். மாத்தி மாத்திப் பூசினா பயமாகீது."

பாவம், பயந்த ஜனங்கள். ஒப்புக்கொண்டேன். ஞானம் தலையில் அடித்துக்கொண்டாள். நான் தினமும் மணக்க மணக்க இறங்கினேன்.

நேற்று கேப்டன் கூப்பிட்டுக் கை குலுக்கினார். இந்த வாரம் என் நோட்டில் தூங்கியவர் பெயர் ஒன்றுகூட இல்லையாம். "வெரி குட்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். முனுசாமி காத்திருந்தார்.

"ரைட்டரய்யா, அந்த பாட்டிலு இன்னும் எவ்ளோ கீது?"

"கொஞ்சம்தான் இருக்கு. ஏன்?"

"தீந்து பூட்ச்சின்னா சொல்லுங்க, நாங்க பன்னெண்டு பேரும் சேந்து வாங்கித் தர்றோம். மத்த செண்ட்டெல்லாம் நீங்க கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது... இது ஒண்ணுதான் எழுந்து உக்கார நேரம் குடுக்குது."