அடைத்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்காதவள்

செய்தி வந்தபோது கடையில் ஒருவருக்கு ஆதார் அட்டையை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். இசக்கியின் கணவர்தான் பேசினார். "இசக்கி போயிட்டா அண்ணாச்சி, பொழுது விடியும்போது" என்றார். மெஷினுக்குள் போன அட்டை சுருண்டு கருகிவிட்டது. அட்டைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றைக்கு யாராவது என்னைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

மேலகரம் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஃபிரிஸ்பீ என்னும் தட்டெறி விளையாட்டு ஆடும் நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். நம் கூட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்தாறு, வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் வேலை, நம் அணி தொடங்கிய நாளிலிருந்து கேப்டன். ரத்தப் புற்றுநோய் எட்டே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் முடிவில் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

தடுப்பாட்டத்தை அவள்தான் நமக்குப் புரியவைத்தாள். தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. எதிரே நிற்கிற காவல்காரர் பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். காவல்காரருடைய வேலை ஒரு பக்கத்தை அடைப்பது. மற்ற ஆறு பேரும் திறந்த பக்கத்தில் காத்திருப்பார்கள். இடம், வலம் என்று சொன்னால் எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்குக் குழம்பும் என்று பக்கங்களுக்கு "மலை", "ரோடு" என்று பெயர் வைத்தாள். அவள் "மலை" என்றால் குற்றால மலை இருக்கும் பக்கத்தை அடைக்க வேண்டும். காவலுக்குப் பெரும்பாலும் என்னைத்தான் நிறுத்துவாள். "நீ ஒரு பக்கத்த அடச்சிட்டேன்னா நாங்க அங்கன திரும்பியே பாக்க மாட்டோம்லே. திரும்பிப் பாத்தா ஆட்டம் போச்சு" என்பாள்.

முதன்முதலாகச் சென்னைக் கடற்கரைக்கு ஆடப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் தொடங்கியதும் இசக்கி பழக்க தோஷத்தில் "மலை, மலை" என்று கத்தினாள். அங்கே மலைக்கு எங்கே போவது? ஏழு பேரும் ஏழு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். நாம் தேடி முடிப்பதற்குள் அவர்கள் மூன்று புள்ளி எடுத்துவிட்டார்கள். பிறகு அவள் எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னைக்குக் கடல்தான் மலை, போய் அடைங்க" என்றாள். அதற்கப்புறமும் தோற்றோம். ஆனால் திரும்பி வரும் ரயிலில் செங்கல்பட்டு தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

தாக்கி ஆடும்போது என்னால் ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. நடுவில் வரிசையாக நின்று, ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நானோ அடுத்தவர் ஓடும் இடத்துக்குள் போய் விழுவேன், என்னோடு என் காவல்காரரையும் இழுத்துக்கொண்டு. "சும்மா நிக்கதும் ஆட்டந்தாம்லே" என்று தலையில் அடித்துக்கொள்வாள். காவல்காரரின் எண்ணிக்கை ஏழைத் தொட்ட பிறகும் முன்பக்கம் வழி திறக்காவிட்டால் பின்னால் நிற்பவரிடம் போடச் சொல்வாள். "பின்னால போடுததுல என்ன வெக்கம்? தட்டு நம்ம கையில இருக்கணும், அவ்வளவுதான்."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முடியெல்லாம் கொட்டிப் படுத்திருந்தபோதும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினாள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியிருந்தார்கள். அதைக்கூடப் பின்னால் போட்ட தட்டு என்றுதான் சொன்னாள். நான் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறிப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் இதே கதைதான்.

இனி அதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், சாரல் காலத்தில், நம் மைதானத்திலேயே நடந்த இறுதி ஆட்டம். அதுவரை நாம் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. தூத்துக்குடி அணியும் நாமும் சமமாக இருந்தோம், அடுத்த புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. அவர்கள் எதிர்காற்றில் ஆடினார்கள். எப்படியோ ஒரு நீண்ட எறி காற்றைக் கிழித்துக்கொண்டு நம் கோடி எல்லைக்குள் வந்தது; அங்கே பிடித்துவிட்டால் அவர்களுக்குப் புள்ளி. ஜெனிட்டா என்கிற பெண் ஓடி வந்து கை நீட்டினாள். பின்னாலேயே துரத்திய நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டு கீழே விழுந்தது.

இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. தப்பு செய்தவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெனிட்டா "கையில அடிச்சிட்டீங்க" என்றாள். நான் இல்லை என்றேன். இசக்கி ஓடி வந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"தொட்டியாலே?"

"தொடல."

அவள் திரும்பி அந்த அணியிடம், "அவன் தொடலன்னா தொடல" என்றாள். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பப் போகும். போனது. நம்மவர்கள் மூன்று பேர் எறிபவரை வளைத்துக்கொண்டார்கள். எதிர்காற்றில் வழியில்லாமல் எறிந்த தட்டு நம் கையில் சிக்கியது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினீர்கள். கோப்பையை இசக்கி தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

நான் தொட்டேன். தொட்டது மட்டுமில்லை, நன்றாக அடித்தேன். என் விரல்களில் அந்த அடி இன்னும் இருக்கிறது.

இசக்கியை எடுத்த அன்று ஜெனிட்டாவும் வந்திருந்தாள். தெரு முனையில் அவளை நிறுத்திச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் அண்ணே. அன்னைக்கே அக்கா எங்க வேன் பக்கத்துல வந்து சொன்னாவ. கோப்பையத் தூக்கும்போது உங்க மூஞ்சியப் பாத்தாவளாம். அவனா வந்து எங்கிட்ட சொல்லுவான், சொன்ன அன்னைக்கு ரெண்டு பேருமா கோப்பையக் கொண்டாந்து தாரோம், அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னாவ."

பிறகு இசக்கியின் கணவரிடம் கேட்டேன். கோப்பை பீரோவுக்குள் துணியில் சுற்றி அப்படியே இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறேன். என்னை அணியில் வைத்திருப்பதா வேண்டாமா என்று நீங்கள் கூடிப் பேசுங்கள். நான் வாதாட மாட்டேன்.

என்னிடம் அவளுடையது என்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அந்தப் போட்டிக்கு அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும், நீங்கள் எல்லோரும் போன பிறகு, இசக்கி ஸ்கூட்டியை உடனே கிளப்ப மாட்டாள். சாவியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வேற என்னலே?" என்பாள். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.