மல்லிகாவுக்குக் கேட்காத எஞ்சின்

புனேயின் வாகட் பகுதியில் எங்கள் குடியிருப்பில் கந்தசாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஸ்கூட்டர்வாலே சாப்’ என்றால் வாட்ச்மேன் வீடுவரை கொண்டுவந்து விடுவார். கார் எஞ்சின் செய்வது தொழில், வீட்டில் கார் கிடையாது. அந்தப் பெருமைக்குரிய ஆசாமி நான்தான்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிதில் மல்லிகாவிடம், “நம்ம வீட்டுக்குக் கார் வந்தா என் எஞ்சின் வெச்ச கார்தான் வரோணும் அம்மணி” என்று சொல்லித் தொலைத்தேன். அதன் பிறகு நான் செய்த எஞ்சின்களை எல்லாம் கம்பெனி ஒவ்வொன்றாக மூட்டை கட்டியது. மல்லிகாவோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் நனைந்தாள். கீழ்வீட்டு சஹானா பேட்டரி கார் வாங்கி வந்து காட்டியபோதுகூட, “எங்க வீட்டுக்காரர் எஞ்சின் வரப்போகுது” என்று தன் ஓட்டை இந்தியில் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். எனக்கே என்னை நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் ஒன்று பிழைத்தது. ஹைப்ரிட் காருக்கான குட்டி எஞ்சின். சக்கரத்தைச் சுற்றுவது மின்சார மோட்டார். பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் ஏற்றிவிடுவதுதான் எஞ்சினின் வேலை. எந்த வேகத்தில் பெட்ரோல் குறைவாகக் குடிக்குமோ அதையொட்டியே ஓடும். ஓடுவது உள்ளே இருப்பவர் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் என் தலைமுடி போனது. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் சின்னச் சின்ன ஷட்டர்கள் உண்டு. எஞ்சின் சூடானால் தானே திறந்து காற்றை விடும், மற்ற நேரம் மூடிக்கொண்டு எதிர்க்காற்றின் இழுவையைக் குறைக்கும். “அதை எதுவும் மறைக்கக் கூடாது” என்று சர்வீஸ் ஆட்களுக்குத் தொண்டை வறள வகுப்பெடுத்த மேதையும் நான்தான்.

தசராவன்று அந்த எஞ்சின் வைத்த காரை எடுத்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, சந்தனம் அப்பியாயிற்று. தொடைத் தடிமனுக்கு ஒரு செண்டுமல்லி மாலை வாங்கி, மாவிலையோடு சேர்த்துக் கிரில்லை மூடிக் கட்டினேன்.

“ஏனுங், இத்தனை பெருசு எதுக்குங்? உள்ள கண்ணாடில சின்னதா ஒண்ணு மாட்டுனா போதாதுங்களா?”

“எல்லாம் எனக்குத் தெரியும் அம்மணி, நீ ஏறு.”

ஊருக்கு வெளியே கேத்காவளேயில் இருக்கும் பாலாஜி கோயிலுக்குக் கிளம்பினோம். பெருமாளிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. மல்லிகா வாயால் ‘நல்லா இருக்குதுங்’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். இத்தனை வருஷம் அவளை நனையவிட்டதற்கு அர்த்தம் இருந்தது என்று ஆகிவிடும்.

பாணேர் தாண்டியதும் கேட்டாள். “எஞ்சின் எப்பங்க ஓடும்?”

“ஓடிட்டுத்தான் இருக்குது!” என்றேன், பூரித்துப் போய்.

“ஓ” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

காத்ரஜ் சுரங்கப்பாதைக்குப் போகும் ஏற்றத்தில் ஆரம்பித்தது கூத்து. விசிறி ஊளையிட, எஞ்சின் உறும, சூடு காட்டும் விளக்கு பல்லிளித்தது. கோளாறு சாஃப்ட்வேரில்தான் என்று முடிவுகட்டி, அதை எழுதியவர்களின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வண்டியை ஓரம்கட்டி இறங்கினேன்.

மல்லிகாவும் இறங்கி வந்தாள். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இதானுங்களா உங்க எஞ்சின்?” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “யப்பா, என்னா கத்து கத்துது! அச்சு அசலா உங்களாட்டமே!”

அப்போதுதான் அந்த மாலை என் கண்ணில் பட்டது. கயிறு ஷட்டருக்குள் சிக்கி, அது திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடு! வீட்டுச் சாவியால் கயிற்றை அறுத்து மாலையை உருவினேன். ஷட்டர் திறந்தது. விசிறி இறங்கியது, உறுமல் தேய்ந்தது, பிறகு சத்தமே இல்லை.

“நின்னு போச்சுங்களா?”

“இல்லம்மணி. ஓடுது.”

குனிந்து பானெட்டில் காதை வைத்துப் பார்த்தாள். நடு ரோட்டோரம், பட்டுச்சேலையோடு. நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

“ஒண்ணுமே கேக்கலீங்களே” என்று நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. “இதுக்காகத்தான அத்தனை மழைல நனைஞ்சேன்? இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தக் கேட்டிருப்பேனுங். அந்த மாலைய மறுக்காக் கட்டுங்.”

வகுப்பெடுத்த வாயை மூடிக்கொண்டு மறுபடியும் கட்டினேன்.