மல்சுன் தொலைத்த ஐந்து கிலோ

அறுபதாவது வயதில் மலையேற்றச் சங்கத் தலைவரை முதுகில் சுமந்துகொண்டு தென்கொரியாவின் மிக உயரமான ஹல்லா மலை உச்சியைத் தொட்டவள் சா மல்சுன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அதே வருடம் கோடையில் அவளால் ஒரு மாவு மூட்டையைக்கூட நகர்த்த முடியவில்லை என்பது சத்தியம்.

தேகு நகரச் சந்தையில் அரிசிப் பலகாரக் கடை வைத்திருந்த மல்சுன், பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் சங்கத்தோடு மலை ஏறியவள். இளைத்தாளா? வினை இறங்குமிடத்தில் அல்லவா இருந்தது! அடிவாரக் கடைகளில் வெங்காயத்தாள் அடை எண்ணெயில் மிதக்கும், அரிசிக்கள் கிண்ணம் கிண்ணமாக வரும். மலை கரைத்ததை அடிவாரம் அள்ளி அப்பியது. எழுபத்தொரு கிலோ.

அந்த வசந்தத்தில் சங்கத் தலைவர் தக் அறிவித்தார்: "அக்டோபர்ல ஹல்லா மலை. மதியம் பன்னெண்டுக்குள்ள நடுவழிக் குடிலைத் தாண்டலைன்னா காவலருங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால செப்டம்பர்ல இங்க நாம ஏறுற மலையிலயே ஒரு சோதனை. ஒன்றரை மணி நேரத்துல உச்சிக்கு வராதவங்க பஸ்ஸுக்குக் காவல் இருக்கலாம்."

சொல்லும்போது அவர் பார்வை மல்சுனின் இடுப்பில் இறங்கி இளைப்பாறியது. அவளோ தன் அறுபதாவது பிறந்தநாளை ஹல்லா உச்சியில்தான் கொண்டாடுவேன் என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளே!

வீராப்பாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இறங்கினாள். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, இரவில் கிழங்கைப் பற்றிய நினைப்பு. ஐந்து வாரத்தில் ஐந்து கிலோ போயிற்று. கூடவே நல்ல குணமும் போயிற்று.

பக்கத்து மீன்கடை பில்நம் ஒருநாள் பொறுமை இழந்தாள். "அக்கா, அறுபத்தாறு அறுபத்தாறுன்னு கூவுறியே, அந்த மூட்டைய நகர்த்து பாப்போம்."

நகரவில்லை.

"மில்காரன் கல்லைப் போட்டு அனுப்பிட்டான்டீ."

"மூட்டையில கல்லு இல்ல. உன் கையிலதான் ஒண்ணுமே இல்ல."

பில்நம் அவளை வட்டாரச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஓர் எந்திரம். வெறுங்காலோடு ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தால் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். சத்துணவு ஆலோசகி தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா, போன அஞ்சு கிலோவுல மூணு தசை. கொழுப்பு ரெண்டுதான்."

"எது போனா என்ன? போச்சுல்ல!"

"மலை ஏறப்போறது தசைங்கம்மா. கொழுப்பு முதுகுல உக்காந்து வேடிக்கைதான் பாக்கும்."

பிறகு எழுதிக்கொடுத்தாள்: வேளைக்கு மீனோ முட்டையோ டோஃபுவோ, கைநிறையக் கீரை, அரைக்கிண்ணம் சோறு, ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கார்ந்து எழும் பயிற்சி.

"சாப்பிட்டு இளைக்கணுமா? உங்களுக்குச் சம்பளம் இந்த மீன்கடைக்காரியா தர்றா?"

திட்டிக்கொண்டேதான் தின்றாள். காலையில் முட்டை, இரவில் கானாங்கெளுத்தி. அடிவாரத்தில் அரை அடையோடு எழுந்தாள். மீதி அரையை அவள் பார்த்த பார்வை பாவம். தராசோ அசையவே இல்லை. மூன்று மாதமும் அதே அறுபத்தாறு. ஒருநாள் அதைக் காலால் எத்தினாள். எத்திய வேகத்தில் கால்சட்டை நழுவி முழங்காலுக்கு வந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து மறுபடி எந்திரத்தில் ஏறினாள். தசை ஏறக்குறைய மூன்று கிலோ திரும்பியிருந்தது, கொழுப்பு மூன்று கிலோ கழன்றிருந்தது. இரண்டும் சரிக்குச் சரி நின்று தராசை ஏமாற்றியிருக்கின்றன!

செப்டம்பர் சோதனையில் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். கோடை முழுக்க அடிவாரத்தில் அடைக்குக் காவலிருந்த தலைவர் அவளுக்கும் பின்னால் வந்தார்.

அக்டோபரில் ஹல்லா மலை. பதினொன்று ஐம்பதுக்கு நடுவழிக் குடிலைத் தாண்டியதுமே தலைவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மல்சுன் திரும்பிப் பார்த்தாள், குனிந்தாள், அவரை அப்படியே அலாக்காகத் தூக்கி முதுகில்...

இதுவரை மீன் செதில் உரித்துக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த பில்நம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரை யாரும் தூக்கல. அவரு தோள்பையைத்தான் அக்கா தூக்கினா. அதுவும் உள்ள இருந்த அவிச்ச முட்டைக்காக."