பிஷப் முன்னால் போர்த்திய பொன்னாடை

ஆர்மீனியத் தலைநகர் எரவானில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் காலையில் ஒரு பாதிரியார் வருகிறார். கறுப்பு அங்கி, நெஞ்சு வரை தாடி, தட்டில் சாம்பார் இட்லி. அதே மனிதர் சாயங்காலம் வால் வைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, எதிர்த் தெரு அரங்கில் குச்சியோடு மேடையேறி ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவையே ஆட்டிவைக்கிறார். இங்கே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் திருத்தணி மலைக் குருக்கள் ஒருவர் பூசையை முடித்துவிட்டு பேண்டு செட் நடத்தப் போனால், பள்ளிப்பட்டு வரைக்கும் பேச்சாகிவிடும்.

டெர் ஹயர் என்று அவரைக் கூப்பிடுகிறார்கள். கல்யாணமான பாதிரியாருக்கு ஆர்மீனியாவில் அதுதான் மரியாதை. சிறு வயதில் வயலின் படித்து, வாலிபத்திலேயே ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவராகி, தாடி நரைக்கும்போது குருப்பட்டம் வாங்கியவர். நான் ஐந்தாவதோடு நின்றவன். மலையடிவாரத்தில் டம்ளர் கழுவி, அரக்கோணத்தில் கேன்டீன் எடுத்து, இன்று டாக்டருக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டில் சோறு போடுகிறேன். ஆனாலும் அத்தனை படித்தவருக்கு ஒரு சிக்கல் வந்தபோது தீர்த்து வைத்தது நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஞாயிறு பூசை நடுவே பாட்டுக்காரர்கள் இழுத்து இழுத்துப் பாட, இவர் பீடத்தில் நின்றபடியே திரும்பி, வேகம் வேகம் என்று விரலைச் சுழற்றிவிட்டார். சேதி பிஷப்புக்குப் போனது. வெள்ளிக்கிழமைக் கச்சேரியை நேரில் பார்த்துவிட்டு, இவர் குச்சியை விடவேண்டுமா என்று முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

“தணி ஜான், எனக்கு இரண்டு கை. எதை வெட்டுவது?” என்றார் டெர் ஹயர், அரைகுறை இங்கிலீஷில். என் பெயர் தணிகாசலம்; ஜான் என்பது அன்புக்கு. அன்று இட்லியைத் தொடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எந்தக் கட்சி மேடையானாலும் பொன்னாடையோடு முதலில் ஏறுகிறவன் நான். மந்திரியே பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டுவார். ஓர் ஆளின் மதிப்பைப் பெரிய மனிதருக்கு எடுத்துக்காட்ட அதைவிட வழி ஏது? சரிகைக் கரை போட்ட சிவப்புப் பட்டு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு, கடையில் சமையல் பார்க்கும் என் மைத்துனன் முனிரத்தினத்தோடு கச்சேரிக்குப் போனேன்.

பாட்டு நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை. இருமல் சத்தம்தான். பக்கத்து வரிசையில் பிஷப் கல்லு மாதிரி இருந்தார். நான் எழுந்தேன்.

“எங்க பாவா போற? இன்னும் முடியல போலகீது. எல்லாம் அப்பிடியே ஒக்காந்துகினு கீறாங்க,” என்றான் முனிரத்தினம்.

“அதான் போறேன். ஒருத்தனுக்காவது மரியாத தெரியுதா பாரு.”

“போலீசு புடிச்சா நீ யாருன்னே தெரியாதுன்னுடுவேன்.”

“தெரியும்னு சொன்னாதான்டா எனக்கு அசிங்கம்.”

அதே பாட்டின் அடுத்த பகுதிக்குக் கையைத் தூக்கியிருந்த டெர் ஹயர், மேடையேறிய என்னைப் பார்த்ததும் இறக்கவும் முடியாமல் அசைக்கவும் முடியாமல் நின்றார். போர்த்துவதற்கு அதைவிட வசதி கிடையாது. நான் போர்த்தினால் நழுவாது. கச்சேரி முடியும்வரை அந்தப் பட்டோடுதான் நடத்தினார்.

மேடைக்குப் பின்னால் பிஷப் வந்தார். டெர் ஹயரின் முகத்தில் ரத்தமே இல்லை. பிஷப் ஏதோ சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார்கள். “கோட்டில் நின்றவன் யாரோ. அந்தச் சிவப்பு தோளில் விழுந்த பிறகுதான் என் பாதிரியாரைப் பார்த்தேன்.” பூசைக்கு அவர்கள் போர்த்தும் சுர்ஜார் என்ற மேலாடையும் அப்படித்தான் இருக்குமாம். குச்சி இருக்கலாம், கோட்டு கூடாது. இனி மேடையிலும் அங்கி, சுர்ஜார்.

டெர் ஹயர் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு காதில், “சுர்ஜார் எவ்வளவு கனம் தெரியுமா?” என்றார்.

“ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிப் பாரு, அப்ப தெரியும் கனம்,” என்று தமிழிலேயே சொன்னேன். தலையாட்டினார்.

“பாத்தியாடா?” என்றேன் மைத்துனனிடம்.

“ஆங், பாத்தேன். பிஷப்பு உன்ன வாட்ச்மேன்னு நெனச்சி மேல்கோட்ட உன் கைல குடுத்தாரு. நீயும் புடிச்சிகினு நின்ன.”

அடுத்த கச்சேரியை வியர்க்க வியர்க்க சுர்ஜாரில் நடத்தினார். முடிந்ததும் சனம் எழுந்து நின்றது. முன்வரிசைக் கிழவிகள் ஆசி கேட்டு மேடையோரம் வந்தார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பி, குச்சியை இடக்கைக்கு மாற்றி, ஆசி சொல்ல வலக்கையைத் தூக்கினார். கை எழுந்ததைக் கண்ட ஆர்கெஸ்ட்ரா அவர் முதுகுக்குப் பின்னால் மொத்தமாக வாத்தியத்தை எடுத்தது. அரங்கில் பாதிப் பேர் தலை குனிந்தார்கள். பாதிப் பேர் இன்னொரு பாட்டு என்று மறுபடி உட்கார்ந்தார்கள். நான் கும்பிட்ட கையோடு உட்கார்ந்தேன்.