கறுப்பு வீடியோ

புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் கருவாட்டு வியாபாரி. வெள்ளைத் தொப்பி, மருதாணிச் சிவப்பில் தாடி. போனைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் பெருவிரலை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

கிளவுட் நிரம்பிவிட்டது, இடம் வேண்டுமானால் காசு கட்டு என்று போன் நச்சரிக்கிறதாம்.

"காசு கட்டாம இடம் எடுக்க ஏலாதா தம்பி?" என்று என்னிடம் நீட்டினார்.

திறந்தால் முழுக்க மீன். தோணிக்காரர்கள் காலையில் அனுப்பும் படங்கள். கருவாடாகி, விற்று, யாரோ தின்றும் முடித்துவிட்ட மீன்கள் இங்கே மட்டும் பச்சையாகவே கிடந்தன. எல்லாவற்றையும்விட ஒரு வீடியோதான் அதிக இடம் பிடித்திருந்தது. முழுக் கறுப்பு.

"நானா, இது சட்டைப் பைக்குள்ள தவறிப் பதிஞ்சது. அழிச்சுடுவமா?"

பதறிப்போய் போனைப் பறித்தார். "அதுல என்ட பொஞ்சாதி ஏசுறா!"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அவங்க மவுத்தாகிட்டாவா?"

"அல்லாஹ் காப்பாத்தணும்! வீட்டுலதான் இருக்கா. ஒரு நாளும் என்னை ஏசினதே இல்லண்டு சாதிக்கிறா. சாட்சி வேணுமே."

மதுரங்குளி வருமுன் மீன்களை அழித்து, போனின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். தேவையான இடம் கிடைத்தது. பிறகு அவர் அந்தக் கறுப்பு வீடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, சிலாபம் வரும்வரை தனக்குள் சிரித்தபடியே இருந்தார். சாட்சியைச் சரிபார்க்கிறவரின் முகமாக அது எனக்குப் படவில்லை.