மதினியின் விரல்களும் ஒரு டப்பா பட்டுக் கிரீமும்

இலங்கை மலைநாட்டில், கொட்டகலை கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் சின்னதாய் ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கைப்பேசியில் பார்த்தது, டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்தது, என் முகத்திலேயே பூசிப்பார்த்துச் சிவந்துபோனது, அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் வருகிற ஆட்களின் வாயிலிருந்து வந்தது. "முகம் ரொட்டிக்கல்லு மாதிரி காஞ்சு கெடக்குங்க" என்பார் ஒருவர். "சிரிச்சா கன்னம் கிழிஞ்சுருமோன்னு சிரிக்காமலே இருக்கேன்" என்பார் இன்னொருவர். நான் சிரிப்பேன், அவர் சிரிக்கமாட்டார். தோல் டாக்டர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால்தான் என்ன கோளாறு என்று விளங்கும்.

ஆனால் ஒரு நாள் என் மதினி வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதினி என்றால் என் அண்ணன் பெண்சாதி. மேலே தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவர். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"இத நல்லாக்கிக் குடு. இல்லாட்டி எம்புள்ள அங்க தனியாத்தான் பெத்துக்கணும்."

அவர் மகளைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பிப்போன சொந்தத்தில்தான். இப்போது தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளத்தான் அவளுக்கும் ஆசை. அலையக்கூடாது என்று அங்கே டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாராம். பிள்ளை வரமுடியாது, அப்படியானால் தாய் போகவேண்டும். தாய்க்குப் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்கு விரல் ரேகை வேண்டும்.

"விரல வைங்கன்னுச்சு ஆபிஸ்ல இருந்த புள்ள. வச்சேன். மெசினு பேசாம கெடக்கு. தொடச்சுட்டு வைங்கன்னுச்சு. தொடச்சுட்டு வச்சேன். அழுத்தி வைங்கன்னுச்சு. கண்ணாடி ஒடையுற மாதிரி அழுத்துனேன். செவப்பு லைட்டுதான். நான் மனுசியா, வேற எதுவுமான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

ரேகை எடுக்கிற அந்தச் சிங்களப் பிள்ளை தன்மையாகத்தான் பேசியிருக்கிறாள். கையை ஆறவிட்டு மறுபடி வாங்க அம்மா என்று அனுப்பியிருக்கிறாள்.

விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குறுக்கும் நெடுக்குமாய் வெடித்திருந்தன. நுனியெல்லாம் சொரசொரவென்று வெள்ளை பூத்திருந்தது. எனக்கு வேறொரு ஆச்சரியம். கொழுந்து எடுக்கிற கையில் கறுப்பாய்ப் படிந்திருக்கும் கறையைக் காணோம்.

"கறை எங்க மதினி?"

"நாலு பேரு பாக்குற எடத்துக்குக் கறையோடயா போவாங்க? சலவைத்தூளப் போட்டு கம்பிநாரால தேய்ச்சு எடுத்துட்டேன்ல."

மெஷின் வாயடைத்துப் போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. வெடிப்பு பாதி என்றால் தேய்ப்பு பாதி. எங்கள் ஆட்கள் ஆபிஸ் வாசல் மிதிக்கும் முன்னால் முதலில் செய்கிற வேலை கையை உரிப்பதுதான். கலியாணமோ, பேங்கோ, பள்ளிக்கூட மீட்டிங்கோ, எலுமிச்சங்காய் தேய்க்காமல் யாரும் மலையிறங்கமாட்டார்கள்.

என்னிடம் ஒரு பட்டுக் கிரீம் இருந்தது. உடுத்துகிற பட்டேதான். அதன் சத்தை, புரோட்டீன் என்கிறார்களே, அதைச் சின்னச் சின்னத் துண்டாய் உடைத்துச் சேர்த்திருக்கிறது. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு தடவிவிட்டேன். பட்டும் சிலருக்கு அரிக்கும். மறுநாள் அரிப்பில்லை, சிவப்பில்லை. கையைக் கழுவி ஈரம் காயும் முன்னே விரல் விரலாய்த் தேய்த்துவிட்டேன்.

"வழுவழுன்னு இருக்கே, எதுல செஞ்சது?" என்றார் மதினி.

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்ததைச் சொல்வதில் எனக்கு ஒரு குஷி. பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும் மதினி, அந்தக் கூட்டில் நூல் ஒன்று, நூலை ஒட்டவைக்கிற பிசின் ஒன்று என்று ஆரம்பித்தேன். நூலுக்கு ஃபைப்ரோயின் என்று பேர், பிசினுக்குச் செரிசின் என்று பேர். கூட்டை வெந்நீரில் போட்டால் பிசின் தண்ணீரில் கரைந்துவிடும். முன்னெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்களாம். அது தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று தெரிந்த பிறகு கிரீமில் போடுகிறார்கள். மேலே மெல்லிசாய் ஒரு போர்வை மாதிரி படிந்துகொள்ளும், உள்ளேயிருக்கிற ஈரத்தைக் காற்று குடித்துவிடாமல் காக்கும். வெள்ளையாக்காது, வயசைக் குறைக்காது, சீக்கைத் தீர்க்காது. காய்ந்து கிடக்கிற தோலுக்கு அது நல்ல துணை, அவ்வளவுதான்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது மதினி கையைப் பின்னுக்கு இழுத்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அப்போதுதான் கவனித்தேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியிருந்தார்.

"புழுவா? வெந்நீரில போட்டதா? அடிப்பாவி, காப்புக் கட்டுன கையில கவிச்சியத் தடவிட்டியேடி!"

நான் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. பைப்படிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். காப்பு அவிழ்த்தபிறகு தடவலாம் என்றால் நாள் தாண்டிவிடும். பாஸ்போட் கைக்கு வர, டிக்கெட் போட, மகளுக்கு வலி கண்டுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன்.

"ஒன் மதினிக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்த? வந்து பாரு. கொலை பண்ணுன மாதிரி நிக்கிறா."

அடித்துப்பிடித்துக்கொண்டு தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி அடுப்படியில் நின்றார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ரத்தச் சிவப்பு. பக்கத்தில் ஒரு சட்டி, சட்டிக்குள் அரக்குச் சிவப்புத் தண்ணீர், அதில் மிதந்தது அவருடைய கூறைச் சேலையோடு வந்த பட்டு ரவிக்கைத் துணி.

"நீதானடி சொன்ன, வெந்நீரில போட்டா பிசினு கரையும்னு. புழுவத்தானே தொடக்கூடாது? இது சாமி சந்நிதியில வச்சு வாங்குன பட்டு. சுத்தமான பட்டு. அதான் ஊறவச்சு கைய விட்டேன்."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "மதினி, அந்தப் பிசினு நெசவுக்குப் போகுமுன்னாலயே போயிருச்சு. நூலு மினுங்கணும்னு அத எடுத்துட்டுத்தான் சாயமே போடுவாங்க. இந்தச் சட்டியில இருக்கிறது வெறும் சாயம்."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"அப்ப எம்பட்டு ரவிக்கையும் போச்சு."

வாசல்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "ஏய், பால்குடத்தன்னைக்கு என்ன கட்டப்போற?"

"பட்டுத்தான். வேற என்னத்த?"

"ஆத்தாளுக்கு என்ன சாத்துவாக?"

மதினி சட்டியிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்தார்.

"பட்டுத்தானே? அம்புட்டுப் புழுவையும் அவ ஒடம்புல சுத்தலாம், நீ விரல் நுனியில தொடக்கூடாதா? ஆத்தாளுக்கு இல்லாத கவிச்சி ஒனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?"

அண்ணன் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள். அவர் வாயிலிருந்து இது வந்ததுதான் மதினிக்கு எரிச்சல். "வந்துட்டாரு வேதாந்தி. முதல்ல அந்தப் பீடிய அணைங்க" என்றார். பிறகு சிவந்த கையை என் பக்கம் நீட்டினார். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சலவைத்தூள் இல்லை, கம்பிநார் இல்லை. கறை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து கழுவியதும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை கிரீம். படுக்கும்போது மேலே பருத்தித் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேன். "பேய் மாதிரி கெடக்கா" என்று அண்ணன் புலம்பினார். சாயம் மெல்ல மெல்லப் போயிற்று. வெடிப்புகளின் ஓரம் மெத்தென்று ஆனது. பட்டு செய்த வேலை எவ்வளவு, சலவைத்தூளை விட்டதன் பலன் எவ்வளவு என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் சேர்ந்து செய்தது என்றுதான் மனசறியச் சொல்லமுடியும்.

மறுபடி ரேகை வைக்க நானும் கூடப்போனேன். மதினி பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை, விரல் தேய்ந்துவிடுமாம். ஒவ்வொரு வளைவுக்கும் என்மேல் வந்து விழுந்தார்.

அதே சிங்களப் பிள்ளைதான் இருந்தாள். மதினியின் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை லேசாய்க் கறுத்திருந்தது. அதை மறைக்கப் பார்த்தார், நான் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தேன். சிவப்பு லைட். "மெதுவா வைங்க அம்மா, அழுத்தாதீங்க" என்று சிங்களத்தில் சொன்னாள் அந்தப் பிள்ளை. மதினி விரலைத் தூக்கி, குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி வைத்தார்.

பச்சை.

அந்தப் பிள்ளைக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெரிசாய் விரல் தெரிந்தது, வரிவரியாய், வளைந்து வளைந்து.

"நம்ம தேயிலை மலை மாதிரியே நிரை நிரையா இருக்கே" என்றார் மதினி. அப்புறம் அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். வெளியே வந்து பாலில்லாத பிளேன்டீ ஆளுக்கு ஒன்று குடித்தோம்.

பால்குடம் எடுத்தார். பாஸ்போட் வந்தது. போகும்போது என் கடையில் இருந்த மற்றொரு டப்பாவையும் கேட்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார்.

போன வாரம் கோத்தகிரியிலிருந்து கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"இன்னமும் கிரீம் தடவுறீங்களா மதினி? அங்க என்ன கொழுந்தா எடுக்குறீங்க?"

"தடவாம? புள்ள முதுக நீவுறப்ப என் கை சொரசொரன்னு கீறிரக் கூடாதுல்ல" என்றார். "இப்பக்கூடத் தடவிக்கிட்டுத்தான் தூக்கிவச்சிருக்கேன். கொஞ்சம் இரு, தூங்கப் போகுது."

போனை வைக்காமல் நானும் காத்திருந்தேன். அழுகை மெல்லமெல்ல அடங்கியது.